இஷாவுக்குத் தெளியும் வானம்

கல்முனைக்குச் சீட்டு வாங்கிய நான் கண் விழித்தது அக்கரைப்பற்றில். மடியில் பெட்டி பத்திரமாக இருந்தது, ஊர்தான் தவறியிருந்தது. நடத்துநர் ஓட்டுநரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என்ன சொல்கிறார் என்று முன் இருக்கைக்காரரிடம் கேட்டேன். "இரண்டு தரம் எழுப்பினேன், இரண்டு தரமும் குறட்டையிலேயே பதில் சொன்னார்" என்கிறாராம். பேருந்தில் தூங்குவது என் பரம்பரைத் திறமை. உக்கடத்தில் இறங்க வேண்டியவன் பொள்ளாச்சி வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பிய வரலாறு எனக்கு உண்டு. கடல் தாண்டியும் அந்தத் திறமை என்னைக் கைவிடவில்லை.

திரும்பி வர ஒரு ஆட்டோ பிடித்தேன். இங்கே அதன் பெயர் த்ரீவீல். ஓட்டியவருக்குப் பெட்டியின் மேலேயே கண்.

"பெட்டிக்குள்ள என்ன அண்ணன்?"

"வானத்துல மேகம் இருக்குதான்னு கண்டுபிடிச்சுச் சொல்ற கருவிங்க."

அவர் வண்டியை ஓரங்கட்டினார். தலையை வெளியே நீட்டி ஒரு தடவை மேலே பார்த்தார். "இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி வண்டியைக் கிளப்பினார்.

பத்து வருடத் தொழிலை ஒருவர் பத்து நொடியில் செய்து முடித்ததைப் பார்த்தபடியே நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது எல்லாம் தாண்டினேன். ஒரு பக்கம் அறுவடை முடிந்த வயல், மறுபக்கம் வீடுகளின் இடுக்கில் அவ்வப்போது எட்டிப்பார்க்கும் கடல். ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. நான் தூங்கியதில் ஊர்களுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது என்று அப்போது தோன்றியது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. வீட்டு மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து வானம் பார்க்கிறவர்களுக்கு மேகம் காட்டும் அகச்சிவப்பு சென்சார் செய்து தருகிறேன். அது மேகத்தைப் 'பார்ப்பது' இல்லை. மேலே முகத்தை வைத்துக்கொண்டு வானத்தின் சூட்டைத் தொட்டுப் பார்க்கிறது. தெளிந்த வானம் சில்லென்று இருக்கும். மேகம் வந்தால் போர்வை போர்த்தியது போலச் சூடு ஏறும். கீழே காற்றின் சூடு எவ்வளவு, மேலே வானத்தின் சூடு எவ்வளவு என்று இரண்டையும் கழித்துப் பார்த்தால் மேகம் பிடிபட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மேகமும், இருட்டில் வருகிற மேகமும்கூட. இதைத்தான் த்ரீவீல்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். நல்ல பதில்கள் எனக்கு எப்போதும் இரண்டு ஊர் தள்ளித்தான் தோன்றும்.

கருவியைக் கேட்டிருந்தவர் கல்முனைக்குடியில் கணிதம் கற்பிக்கும் ரிஸ்வானா டீச்சர். தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் ஈரக் கடற்காற்றில் என் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்கே தெரியாது. அதனால் நேரில் கிளம்பிவிட்டேன். டீச்சரிடம் மட்டும் "உங்களுக்காகவே வர்றேங்க" என்று சொல்லிவைத்தேன்.

வாசலில் அவருடைய கணவர் ஜவாத் நின்றிருந்தார். கேட் செய்யும் வெல்டர். கீழே பட்டறை, மேலே வீடு, அதற்கும் மேலே தொலைநோக்கி. எங்கள் ஊர் வழக்கப்படி மரியாதையாக "வணக்கம் பாய்" என்றேன்.

"பாய் எண்டா இஞ்ச விரிச்சிப் படுக்கிறது" என்றார் அவர். "காக்கா எண்டு கூப்பிடுங்க."

கோயம்புத்தூரில் ஒருவரைக் காக்கா என்று கூப்பிட்டால் சண்டை வரும். இங்கே அண்ணனுக்கு அதுதான் பெயர். முதல் நாள் முழுக்க அவரைக் கூப்பிடும்போதெல்லாம் கூரையில் ஏதும் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

இடியப்பமும், குழம்புக்கு இங்கே ஆணம் என்று பெயர், மீன் ஆணமும் வைத்து, "வெக்கப்படாமத் தின்னுங்க" என்றார் டீச்சர். எங்கள் பக்கம் 'தின்னு' என்பது திட்டு. இங்கே அது உபசாரம். ஒன்பது இடியப்பம் திட்டு வாங்கினேன்.

சாப்பிடும்போது ஜவாத் காக்கா பெருமூச்சு விட்டார். "நேத்து மஃரிபுக்குப் பொறகு சரியான மப்பு. டீச்சருக்கு ஒரே கவல."

நான் இடியப்பத்தை அப்படியே வைத்துவிட்டேன். மப்பு என்றால் எனக்குத் தெரிந்த ஒரே பொருள் குடிபோதை. இவ்வளவு வெளிப்படையாக, மனைவியை வைத்துக்கொண்டே ஒருவர் ஒத்துக்கொள்கிறாரே என்று மனம் இளகிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "எப்பவாச்சும் நடக்கிறதுதானுங்க காக்கா. காலைல எழுந்தா எல்லாம் தெளிஞ்சிரும்" என்று ஆறுதல் சொன்னேன்.

"ஓம், விடியக்குள்ள தெளிஞ்சிட்டு" என்றார் அவர்.

இந்த ஆறுதல் உரையாடல் இன்னும் நாலைந்து வரி நல்லபடியாகவே நடந்தது. நான் எலுமிச்சம்பழச் சாறு யோசனை சொன்ன இடத்தில்தான் டீச்சர் ஆணச் சட்டியை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வானம் மூடியிருந்தால் மப்பு. அவ்வளவுதான். எங்கள் ஊரிலும் மப்பும் மந்தாரமும் என்று சொல்வார்கள். மந்தாரத்தைக் கழற்றிவிட்டு மப்பை மட்டும் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டோம். கருவித் திரையில் வரும் ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு அன்றே 'மப்பு', 'தெளிவு' என்று மாற்றிக் கொடுத்தேன். டீச்சரின் கட்டளை.

சாப்பிட்டு முடித்து மேலே ஏறினோம். தொலைநோக்கிக்கு ஜவாத் காக்கா ஒரு தகரக் கூடு கட்டியிருந்தார். அதன் கூரை, படுக்க வைத்த ஒரு இழுவைக் கேட். கேட் சக்கரம், கேட் தண்டவாளம், கேட் கைப்பிடி. ஒரு கையால் தள்ளினார். கூரை உருண்டு போய் வானம் திறந்தது. "வேற ஒண்டும் செய்யத் தெரியா எனக்கு" என்றார். எனக்குத் தெரிந்து ஆகாயத்துக்கே கேட் போட்டவர் இவர் ஒருவர்தான்.

டீச்சர் அங்கே வைத்துத்தான் விஷயத்தைச் சொன்னார். அவர் வருடக்கணக்கில் பின்தொடரும் ஒரு நட்சத்திரம் உண்டு. உண்மையில் அது ஒன்றையொன்று சுற்றும் இரண்டு. ஒன்று மற்றதை மறைக்கும்போது ஒளி மங்கும். எப்போது மங்கும் என்பதற்கு அட்டவணை இருக்கிறது. ஆனால் கடைசி இரண்டு தடவையும் அட்டவணை நேரத்துக்கு இருபத்துச் சொச்சம் நிமிடம் முன்னாலேயே மங்கியதை டீச்சர் அளந்திருக்கிறார். அளவுகளை வெளிநாட்டில் இப்படிப்பட்டவற்றைச் சேர்க்கும் ஒரு குழுவுக்கு அனுப்பினார். இரண்டும் திரும்பி வந்தன. கடற்கரை ஊர், மெல்லிய மேகம் மறைத்திருக்கலாம், ஏற்க முடியவில்லை என்று பதில்.

"பக்கத்து நட்சத்திரத்தோட ஒப்பிட்டுத்தானே அளக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"ஓம். மேகம் ஒண்ட மறைச்சி மத்தத விட்டிருக்கும் எண்டுறாங்க. இல்ல எண்டு நான் சொல்லுறன். நான் சொன்னது மட்டும் காணாதாம்." அவர் சென்சார் பெட்டியை லேசாகத் தட்டினார். "அதுதான் இதக் கேட்டன். இது வாயத் துறந்து சொல்லட்டும்."

அடுத்த மங்கல் ஐந்தாம் நாள் பின்நேரம். எங்கள் சாயங்காலத்துக்கு இங்கே அந்தப் பெயர். அதற்குப் பிறகு அந்த நட்சத்திரம் சூரியனோடு சேர்ந்து மறைந்துவிடும். மாதக்கணக்கில் ஆள் கிடைக்காது.

நான் பலமாகத் தலையாட்டினேன். மெல்லிய மேகமாகத்தான் இருக்கும் என்று மனதுக்குள் நானும் நினைத்தேன். அதை வெளியே சொல்லவில்லை. ஒன்பது இடியப்பம் சாப்பிட்டிருந்தேன்.

அன்று மாலை கருவியை முடுக்கினோம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. திரையில் மப்பு. துடைத்தேன், மப்பு. அணைத்துப் போட்டேன், இன்னும் உறுதியாக மப்பு.

மறுநாள் காலை காரணம் ஒன்று பிடிபட்டது. கருவியின் அளவுகோலை நான் வைத்தது ஒரு மலை உச்சியில், வறண்ட குளிர் காற்றில். கடற்கரையில் காற்று முழுக்க ஈரம். தெளிந்த வானம்கூட இங்கே வெதுவெதுப்பாகத்தான் தெரியும். மலையின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்திருக்கிறேன். பகல் முழுக்க மொட்டைமாடியில் உட்கார்ந்து, கண்ணுக்கு நன்றாகத் தெளிந்த நேரங்களைக் குறித்து, அளவுகோலை மாற்றினேன். வெயிலில் என் மண்டை கருவியைவிடத் துல்லியமாகச் சூடு காட்டியது. கீழேயிருந்து எருமைத் தயிரும், அதன் மேல் ஊற்றிக்கொள்ளப் பாணி என்கிற பாகும் வந்தன. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் கவிழ்த்துப் பார்த்தேன். மடியில் விழுந்தது வேறு ஊர்த் தயிராக இருந்திருக்க வேண்டும்.

பகலில் கருவி ஒழுங்காக வேலை செய்தது. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டுக் கொஞ்ச நேரத்தில் மறுபடி மப்பு. மூன்றாம் நாளும் அதே. வானத்தில் நட்சத்திரங்கள் பளிச்சென்று நிற்க, என் கருவி மட்டும் மழை வரப்போகிறது என்று சத்தியம் செய்தது.

இங்கேதான் என் புத்தி குறுக்கே ஓடியது. "டீச்சர், அளவுகோலை இன்னும் கொஞ்சம் தளர்த்திரலாமுங்க. தெளிவுன்னு காட்டிரும்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாதவன் கண்ட காட்சி அதுவாகத்தான் இருக்கும்.

"பகல்ல மாத்தினீங்க, அது சரி. வானம் தெளிவெண்டு கண்ணால கண்டு மாத்தினீங்க. இப்ப எனக்கு வேணும் எண்டத்துக்காக மாத்தப் போறீங்க. சாட்சிக்கு நாமளே சொல்லிக்குடுத்திட்டு, பொறகு அது சொன்னதக் கொண்டு போய் அவங்களுக்குக் காட்டுறதா?"

"இல்லீங்க டீச்சர்" என்றேன். எழுந்து நின்று சொன்னேன் என்று நினைவு.

அவர் மூன்று மாலைகளின் பதிவையும் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோடு வரைந்து தரையில் பரப்பினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜவாத் காக்காவைக் கூப்பிட்டார்.

"இஞ்சருங்க, இதப் பாருங்க. மூணு நாளும் ஏழே கால் தாண்ட ஒரு பள்ளம் இரிக்கி. ஒரு இருவது நிமிசம். அந்த நேரம் மட்டும் வானம் தெளிஞ்சிரிக்கி."

"என்ன பள்ளம்? அது பள்ளிக்குப் போற நேரம் டீச்சர். இஷா தொழுகை" என்றார் அவர், கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே.

"அப்ப மேகமும் தொழப் போகுதா?"

ஜவாத் காக்கா சிரிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. மெல்லத் தலையைத் திருப்பிக் கிழக்குப் பக்கக் கைப்பிடிச் சுவரைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தகரக் குழாய் எழும்பி, முழங்கை போல மடங்கி, எங்கள் பக்கம் வாய் பார்த்து நின்றது. கீழிருந்து டக டக டக டக என்று கொத்து ரொட்டி கொத்தும் சத்தம். மஃரிபுக்குப் பிறகு தொடங்குவது, இஷாவுக்குக் கடையைச் சாத்திவிட்டுத் தொழப் போவது, வந்து மறுபடி தொடங்குவது. பக்கத்துக் கடை கபூர் காக்காவின் அடுப்பு. கடலில் இருந்து வரும் காற்று அந்தச் சூட்டுப் புகையை நேரே என் கருவியின் முகத்தில் அப்பிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக நாங்கள் அளந்தது முட்டைக் கொத்து.

"அந்தக் குழாய் யாரு வச்ச?" என்றார் டீச்சர்.

ஜவாத் காக்கா ஸ்பேனரை இன்னும் நன்றாகத் துடைத்தார். "றோட்டுப் பக்கம் வச்சாச் சனத்துக்குக் கஷ்டம் எண்டு நான்தான் இஞ்சால திருப்பி வெல்டிங் பண்ணிக் குடுத்தன்."

"எப்ப?"

"போன நோம்புக்குப் பொறகு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. குறிப்பேட்டைப் புரட்டினார். திரும்பி வந்த அளவுகளை எடுத்த இரண்டு மாலைகளும் அந்தக் குழாய்க்குப் பிந்தியவை.

"அப்ப அவங்க சொன்னது சரியா இரிக்கலாம்" என்றார் மெதுவாக. "மேகம் எண்டாங்க. நான் சண்ட பிடிச்சன். புகையும் மேகம்தானே."

அந்த இரண்டு பக்கங்களின் மூலையையும் மடித்து வைத்தார். கீழே கொத்து டக டக என்று நிற்காமல் கதைத்துக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் காலை கபூர் காக்காவிடம் போனோம். பெரிய உடம்பு, சின்னக் குரல். இஞ்சி போட்ட பிளேன்டீ தந்து, விஷயத்தை முழுக்கக் கேட்டார்.

"வியாழக்கிழம பின்நேரம் கொத்த நிப்பாட்டச் சொல்லுறீங்க. சனம் என்னக் கொத்திப் போடும்."

"குழாயத் திருப்பி றோட்டுப் பக்கம் வெச்சித் தாறன்" என்றார் ஜவாத் காக்கா.

"வேணாம். நீ திருப்பினதே போதும்." கபூர் காக்கா டீச்சரைப் பார்த்தார். "புள்ள, என்ட கொத்தால உன்ட கணக்குப் பிழைச்சிட்டா?"

"தெரியா காக்கா. அதத்தான் பாக்கோணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பிழைச்சிரிந்தா என்ட அடுப்பத்தான் சொல்லுவாங்க. எனக்கும் தெரியத்தானே வேணும்" என்று எழுந்து, ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து எழுதினார்: 'வானம் பார்ப்பதால் இன்று கொத்து 9 மணிக்குப் பிறகு.' நாளைக்கு உரியதை இன்றே மாட்டிவிட்டார். டீச்சர் கழற்றி 'இன்று' என்பதை அடித்து 'வியாழன்' என்று திருத்திக் கொடுத்தார். கபூர் காக்காவும் எழுந்து நின்றுதான் வாங்கிக்கொண்டார். எனக்குத் துணை கிடைத்த திருப்தி.

வியாழக்கிழமை மாலை கடைக்கு முன்னால் கூட்டம். கொத்துக்கு வந்தவர்கள் அட்டையைப் படித்துவிட்டு மேலே பார்த்தார்கள். "பிறை பாக்கிறாங்களா?" என்றது ஒரு குரல். "மாசம் பாதியில என்ன பிறை, உனக்குப் பசி கண்ண மறைக்குது" என்றது இன்னொன்று. கபூர் காக்கா காலையிலேயே அவித்து வைத்த இடியப்பத்தைக் கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

ஜவாத் காக்கா கூரையைத் தள்ளினார். இருட்டியது. திரையில் தெளிவு. நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தது தொலைநோக்கி. மஃரிபுக்குப் பிறகும் தெளிவு. மணி ஏழு, தெளிவு. மாடியில் மூன்று பேரும் மூச்சைக்கூட மேற்குப் பக்கமாக விடாமல் இருந்தோம்.

ஏழரைக்குத் திரை திடுமென்று மப்பு என்றது. ஜவாத் காக்கா சுவருக்கு ஓடி, "கபூர் காக்கா! அடுப்பப் பத்த வெச்சீங்களா?" என்று கத்தினார்.

"அவர் பள்ளியில" என்று தெரு பதில் சொன்னது.

நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டீச்சர்தான் கை நீட்டிக் காட்டினார். நட்சத்திரங்களின் மேல் சல்லாத்துணி போல ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது. உண்மையான மேகம். ஏழு நிமிடத்தில் கடந்து போனது. திரை மறுபடி தெளிவு. அந்த ஏழு படங்களையும் டீச்சர் கோடு போட்டு அடித்தார்.

"அந்த ஏழுலயும் நட்சத்திரம் மங்கித்தானுங்களே இருக்கு? உங்களுக்குச் சாதகந்தானே" என்றேன்.

"அதாலதான் வெட்டுறன்" என்றார்.

எட்டே முக்காலுக்கு முடித்துக்கொண்டோம். கீழே போய் மேசையில் மடிக்கணினியை வைத்து அளவுகளைக் கணக்கிட்டார். ஒரு தாளில் புள்ளி புள்ளியாக வந்தது. கீழே சென்சாரின் கோடு, அந்த ஏழு நிமிடம் தவிர அசையாமல் படுத்திருந்தது. மேலே நட்சத்திரத்தின் புள்ளிகள் சரிந்து, தரை தொட்டு, மறுபடி ஏறின. அட்டவணை நேரம் எழுதியிருந்த குறிப்பேட்டை டீச்சர் மூடி, அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"எது அடி எண்டு நீங்க பாத்துக் குறிங்க."

நான் இரண்டு பக்கச் சரிவையும் அளந்து, நடுவைப் பிடித்து, ஒரு கோடு போட்டேன். ஏழு நாற்பத்தொன்று.

அவர் முழங்கையை எடுத்தார். குறிப்பேட்டில் எட்டு ஐந்து என்று இருந்தது. இருபத்து நான்கு நிமிடம். போன இரண்டு தடவையும் எவ்வளவு முன்னதாக என்று பக்கத்திலேயே எழுதியிருந்தார்: இருபத்து மூன்று, இருபத்து நான்கு. புகை இல்லாமலும் அதே கணக்கு.

ஜவாத் காக்கா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, கபூர் காக்காவிடம் சொல்லப் படியிறங்கி ஓடினார். டீச்சர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலை நிமிராமலே கேட்டார்.

"நீங்க ஊரில இருந்து இதக் கொண்டு வரக்குள்ள, நான் சொன்னத நம்பினீங்களா?"

எனக்கு எந்நேரமும் இரண்டு மூன்று வேடிக்கைப் பேச்சு கைவசம் இருக்கும். அன்று ஒன்றையும் எடுக்கவில்லை. பென்சிலை மேசையில் வைத்தேன்.

"இல்லீங்க டீச்சர். மேகம்னுதான் நெனச்சேன்."

"தெரியும்" என்றார் ரிஸ்வானா டீச்சர். "அதாலதான் பென்சில உங்கட கையில தந்தன்."